மூன்றாவது கட்டத்தில் முனியாண்டி

சென்ற வாரம் திவ்யா என் கைப்பேசிக்கு ஓர் ஒலித்துண்டு அனுப்பினாள். காட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்கும் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நான் தேய்த்த நாற்காலியில் இப்போது திவ்யா உட்காருகிறாள். எங்கள் காலத்தில் காட்டுக்குள் ஆளை நிறுத்துவோம். இப்போது மரத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெட்டிக்குப் பசிக்காது, அட்டை கடிக்காது. தூங்கி எழுந்துவிட்டு, "கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்று அது பொய் எழுதாது. பெட்டி பதிவு செய்ததைக் கணினி அலசி இன்ன பறவை என்று சொல்லிவிடுகிறது.

"அங்கிள், இது பெரிய அட்டைக் குருவின்னு மெஷின் சொல்லுது. அந்த முகட்டுல அதைக் கேட்டதா பழைய பைல்ல எழுதிவெச்சது ரெண்டே பேர்தான். உங்க பழைய பாஸ் புவான் சல்மா மகளோட வெளிநாடு போயிட்டாங்க. நீங்கதான் கன்பர்ம் பண்ணணும். அந்தக் கதையையும் நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க லா."

கதையை எழுதுவது சுலபம். உறுதி செய்வதில்தான் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சங்கடத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுவது என் சுபாவம். போன வருடம் முழங்கால் வீங்கியபோதும் அப்படித்தான் தள்ளிப்போட்டேன். அதன் பிறகு மலைப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் ஒருமுறையும், என் மனைவி ரோசலின் தினமும் சொல்லி வருகிறார்கள்.

அட்டைக் குருவிக்கு மலாயில் புரோங் பாச்சாட் என்று பெயர். காட்டுத் தரையில், நனைந்த சருகுக்குள், அட்டைகள் நிறைந்த இடமாகப் பார்த்து நடமாடும். அதில் பெரிய வகை புறா அளவு இருக்கும், முதுகு நீலம், வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எங்கள் ஆட்களில் பலர் ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றவர்கள். அதன் குரல் மட்டும் மறக்காது. தாழ்ந்த, நீளமான ஒரே ஒரு விசில். பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியவன் வாசலில் உட்கார்ந்து ஊதுகிற மாதிரி இருக்கும். மழை மூட்டத்தில்தான் அதிகம் ஊதும்.

நான் குருண் என்ற சிற்றூருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. பெயர் செபமாலை. வேலைக்குச் சேர்ந்ததும் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஒலிநாடாவில் இருநூறு பறவைக் குரல்களைப் போட்டுக் காட்டினார்கள். தேர்வில் நான் சரியாகச் சொன்னது காக்கையையும், ஒலிநாடாவுக்கு வெளியே கூவிய பக்கத்து வீட்டுச் சேவலையும்தான். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அலுவலகத்துக்குத்தான் அவமானம்.

என்னை மனிதனாக்க முயன்றவர் எங்கள் மேலதிகாரி சல்மா அம்மையார், மலாய் மரியாதையில் புவான் சல்மா. குள்ளமானவர், ஒல்லியானவர், கையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் கோப்பி. தோட்டத்தை ஒட்டிய மலாய்க் கிராமமான கம்போங்கில் நம் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். ஆனால் அது ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கற்ற தமிழ். ஆகவே அதில் 'நீ' மட்டுமே உண்டு, 'நீங்க' கிடையாது. எங்கள் வருடாந்தர விருந்துக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் தமிழர். அவரைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு, "நீ சாப்டியா? வெக்கப்படாத, நல்லா தின்னு" என்றார். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் இரண்டாவது தட்டு எடுத்துக்கொண்டார்.

புவான் யாரையும் திட்ட மாட்டார். குறிப்பேட்டைக் கையில் வாங்குவார். ஓர் அடிக்கோலை எடுத்து வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே படிப்பார். அடிக்கோல் ஒரு வரியில் நின்றால் அந்த வரிக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள் இருந்தன. நம்பாக், டெங்கார், ஆகாக். முதலாவதில் கண்ணால் கண்டது, இரண்டாவதில் காதால் கேட்டது, மூன்றாவதில் இதுவாக இருக்கலாம் என்று நாமாக நினைத்தது. மூன்றாவது கட்டத்தில் இருப்பது எதுவும் அறிக்கைக்குப் போகாது. பிறகு அந்தக் கட்டம் எதற்கு என்று நான் முதல் வாரமே கேட்டேன்.

"மனசுல வெச்சிருந்தா பக்கத்து கட்டத்துக்குள்ள பூந்துரும், செபா. அதுக்கு ஒரு எடம் குடுத்துட்டா சும்மா இருக்கும்" என்றார்.

என் குறிப்பேட்டில் அந்த மூன்றாவது கட்டம்தான் எப்போதும் நிரம்பி வழிந்தது.

மழைநாள் வேலைக்கென்று புவான் தனியாக விதிகள் வைத்திருந்தார். குடை கூடாது, அதன் மேல் விழும் மழையே நம் காதை அடைத்துவிடும். பிளாஸ்டிக் மழைச்சட்டை கூடாது, மூச்சு விட்டாலே சரசரக்கும். துணித் தொப்பி, தடித்த பருத்திச் சட்டை, நனைந்தால் நனை. பேனா கூடாது, மை கரையும், பென்சில் மட்டும். குறிப்பேட்டை ரொட்டி வாங்கிய பைக்குள் போட்டு, கையையும் உள்ளே விட்டு, பைக்குள்ளேயே எழுத வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எவனோ பைக்குள் முயல்குட்டியைத் தடவுகிற மாதிரி இருக்கும். தொலைநோக்கியை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் வைத்ததும் ஆவி படியும். எண் அடித்த மரத்தடிக்குப் போனதும் முதல் இரண்டு நிமிடம் எழுதக் கூடாது. நாம் வந்த கலவரம் அடங்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் நிற்க வேண்டும். இருபது அடி தள்ளி நிற்கிறவன் பேச்சு காதில் விழாத அளவுக்கு மழை வலுத்தால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மழை விட்டாலும் இலைகள் சொட்டி முடிகிறவரை பொறுக்க வேண்டும். அப்போது சின்னப் பறவைகள் ஈர இலைகளில் புரண்டு குளிக்க வரும். அதைப் பார்க்கிற பத்து நிமிடத்துக்காக மற்ற அவஸ்தையை எல்லாம் மன்னித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று இருந்தது. பறவையைப் போலக் குரல் கொடுத்துக் கூப்பிடவே கூடாது.

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன். மூன்றாவது வருடமும் நான் ஒப்பந்த ஊழியன்தான். சுங்கைப் பட்டாணியில் ரோசலினைப் பெண் பார்த்து, அவளுக்கும் என்னைப் பிடித்து, எல்லாம் கூடி வந்த நேரத்தில் அவள் அப்பா குறுக்கே நின்றார். அவர் மாதா கோயில் உபதேசியார். குரல் கணீரென்று இருக்கும்.

"தம்பி, மழையில நனைஞ்சிக்கிட்டு குருவி எண்றதுக்கு கவர்மெண்ட்டுல சம்பளம் தராங்கன்னு சொல்றீங்க. நான் நம்புறேன். ஆனா வேலை நிரந்தரம்னு லெட்டர் வரட்டும். அப்புறம் ஓலை வாசிக்கச் சொல்றேன்."

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் கேட்பார். ஆக, கடிதம் வந்தால் ஓலை, ஓலைக்குப் பின் ரோசலின். கடிதம் வருவதோ புவானின் பரிந்துரையில் இருந்தது. என் பரிந்துரைக்கு ஆதாரமான குறிப்பேட்டிலோ, மூன்று வாரமாக மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. குருணிலிருந்து ஒரு மணி நேரம் ஜீப்பில் போய், ஒரு மணி நேரம் ஏறி, முகட்டின் இந்தப் பக்கம் ஆறாம் மரத்தடியில் நின்றேன். முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்பதாம் மரம் முனியாண்டி அண்ணனுடையது. அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆள் லாரி மாதிரி. அவருக்குத் திங்கள், எனக்குச் செவ்வாய். ஒரே நாளில் இருவர் போகும் வழக்கமில்லை. ஆகவே காட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தூறல். எட்டு நிமிடம் ஆகியும் ஒரு பறவை வாய் திறக்கவில்லை. ரொட்டிப் பைக்குள் வெள்ளைத் தாள். கண் முன்னால் உபதேசியார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் உதட்டைக் குவித்து, ஒலிநாடாவில் கேட்ட பெரிய அட்டைக் குருவியைப் போல ஒருமுறை ஊதினேன்.

முகட்டுக்கு மேலிருந்து பதில் வந்தது.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. இன்னொரு முறை ஊதினேன். இன்னொரு பதில் வந்தது. தேர்வில் சேவலை மட்டும் அடையாளம் சொன்னவனுக்கு, நாட்டிலேயே அரிதான பறவை மரியாதையாக நின்று பதில் சொல்கிறது! பதினைந்து நிமிடம் நாங்கள் பேசிக்கொண்டோம். குரலில் ஓர் ஏக்கம்கூடத் தெரிந்தது. பிறகு பைக்குள் கையை விட்டு, டெங்கார் கட்டத்தில் 'இரண்டு' என்று எழுதினேன். கேட்டது ஒன்றுதான். ஆனால் அவ்வளவு ஏக்கத்தோடு ஊதினால் பக்கத்தில் ஜோடி இல்லாமலா இருக்கும்?

புதன்கிழமை குறிப்பேட்டைக் கொடுத்தேன். அடிக்கோல் அந்த வரியில் நின்றது. புவான் நிமிர்ந்து, என் வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முனியாண்டியும் கேட்டிருக்கான், செபா. அவனும் ரெண்டு எழுதியிருக்கான்."

அண்ணன் திங்கட்கிழமை ஆள் ஆயிற்றே, அப்படியானால் பறவை இரண்டு நாளும் ஊதியிருக்கிறது என்று நான் பூரித்துப்போனேன். அன்று புவான் எல்லோருக்கும் காரிபாப் பலகாரம் வாங்கித் தந்தார். தலைமையகத்துக்குச் செய்தி போயிற்று. மாதக் கடைசியில் என் நிரந்தரக் கடிதம் வந்துவிடும் என்றார். "அடுத்த செவ்வா நானும் வரேன். அதே நேரம், அதே மரம். நீ இந்தப் பக்கம், முனியாண்டி அந்தப் பக்கம், நான் நடுவுல முகட்டு மேல."

உபதேசியாரிடம் சொன்னேன். மனிதர் இளகி, கடிதத்துக்குக்கூடக் காத்திராமல் அந்த ஞாயிறே முதல் ஓலை வாசிக்க ஏற்பாடு செய்தார். 'தடை ஏதும் அறிந்தவர்கள்' என்று சாமியார் கேட்டபோது, கோயிலில் ஒரு குழந்தை தும்மியதைத் தவிர ஆட்சேபணை எதுவும் எழவில்லை.

மறுநாள் காலை, அண்ணனின் முறையும் இந்த வாரம் செவ்வாய்க்கு மாறியிருந்ததால், குருண் கோப்பிக் கடையில் அண்ணனோடு ரொட்டிச் சானாய் தின்றுகொண்டிருந்தேன். அண்ணன் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டேய் செபா, யார்கிட்டயும் சொல்லாத. அது தானா ஊதல. நான்தான் விசிலடிச்சிக் கூப்ட்டேன்."

"அட, நானும்தான் அண்ணே!"

"நீயுமா? என்னா பதில் குடுக்குது பாத்தியா! நான் விட விட அதுவும் விடுது. நேரம் போனதே தெரியல லா."

"உங்களுக்கு எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சி?"

"மேட்டுக்கு மேலருந்து. உன் பக்கத்துலருந்து."

"எனக்கும் மேட்டுக்கு மேலருந்துதான். உங்க பக்கத்துலருந்து." நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். "அண்ணே, நீங்க திங்கக்கெழமதானே போனீங்க?"

"திங்கக்கெழம ஆத்துல தண்ணி லா. எப்புடிப் போறது? செவ்வாக்கெழமதான் போனேன்."

அண்ணன் மெல்ல உதட்டைக் குவித்து, மேசைக்கு அடியில் பேசுகிற மாதிரி, தாழ்வாக ஒருமுறை ஊதினார். அதே ஏக்கம்.

"நிறுத்துங்க அண்ணே" என்றேன். "எனக்கு அழுகை வருது."

இரண்டு ஆண்பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு பதினைந்து நிமிடம் காதல் செய்திருக்கிறோம். அதோடு, ஆளுக்கு இரண்டாக நான்கு பறவைகளாகப் பிரிந்து தலைமையகம் வரை போயிருக்கிறோம். சொன்னால் இருவர் வேலையும் போகும். எனக்கு ரோசலினும் போய்விடுவாள். சொல்லாவிட்டால்?

"செவ்வாக்கெழம நீயும் ஊதாத, நானும் ஊதல" என்றார் அண்ணன். "பறவ மழைக்கு எங்கயோ போயிருச்சின்னு புவானே நெனச்சிக்கும். நாம பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல."

அந்த யோசனை எனக்குப் புனிதமானதாகவே பட்டது.

செவ்வாய் விடிந்தது. மழை விடவில்லை. அடிவாரத்தில் பிரிந்தோம். அண்ணன் ஆற்றுப் பக்கம் போனார். புவான் பிளாஸ்க்கோடு முகட்டுப் பாதையில் ஏறினார். நான் ஆறாம் மரத்தடிக்கு வந்து, பைக்குள் கையை விட்டுக்கொண்டு, உதடுகளை உள்ளே மடித்துக் கடித்தபடி நின்றேன். இரண்டு நிமிடம் போயிற்று. ஐந்து நிமிடம். கழுத்தில் ஓர் அட்டை ஏறுவது தெரிந்தும் நான் அசையவில்லை. இன்னும் ஐந்தே நிமிடம், செபமாலை, பிறகு நீ நிரந்தரம் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது விசில் வந்தது.

பயம் வந்துவிட்டது அண்ணனுக்கு, பறவை இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று புத்தி மாறிவிட்டார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்தேன். இரண்டாவது விசில் இன்னும் கிட்டத்தில் வந்தது. ஆள் ஒன்பதாம் மரத்தை விட்டுவிட்டு என் பக்கமே இறங்கி வருகிறார்! புவானோ மேலே. மூன்றாவது விசில் இருபது அடியில், பெரணிப் புதருக்குப் பின்னாலிருந்து வந்தது. புதர் லேசாக ஆடியது. எனக்குப் பொறுமை போயிற்று.

"அண்ணே! போதும் லா! வாய மூடிக்கிட்டு போங்க! புவான் மேல இருக்கு, மாட்டிக்குவோம்! போன வாரமும் நாமதான் பறவ, இந்த வாரமும் நாமதானா?"

காடே அதிர்ந்தது. புதருக்குள் பொத்தென்று ஒரு சத்தம், சருகு பறந்தது, பிறகு நிசப்தம்.

"டேய் செபா," என்று எனக்குப் பின்னாலிருந்து முனியாண்டி அண்ணன் குரல் மெதுவாக வந்தது. "நான் இங்க இருக்கேன்டா."

திரும்பினேன். அண்ணன் தொப்பலாக நின்றார். ஆற்றின் குறுக்கே கிடந்த மரப்பாலத்தை வெள்ளம் அடித்துப் போயிருக்கிறது. இந்தப் பக்கமாகவே ஏறி வந்தவரை, வழியில் புவான் பார்த்துத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறார். விசில் கேட்டதும் இருவரும் அதன் பின்னாலேயே பூனை மாதிரி இறங்கி வந்திருக்கிறார்கள். அண்ணனின் தோளுக்குக் கீழே, ரொட்டிப் பைக்குள் கையோடு, புவான் சல்மா.

அவர் உதட்டில் விரலை வைத்தார். மூவரும் கேட்டோம். மழை மட்டும்தான் கேட்டது. மூன்று வருடமாக நான் கனவு கண்ட பறவை என் வாழ்க்கைக்குள் தானாக நடந்து வந்தது. நான் அதை வாயை மூடச் சொல்லித் துரத்திவிட்டேன்.

புவான் என் கண்ணைப் பார்த்தார். "எழுது, செபா. நம்பாக்?"

"இல்ல, புவான்."

"டெங்கார்?"

"ஒண்ணு, புவான்."

"ஆகாக்?"

நான் தலையைக் குனிந்தேன். "முனியாண்டி அண்ணேன்னு நெனச்சேன், புவான்."

"அதையும் எழுது."

எழுதினேன். அந்தப் பக்கம் இன்றும் கோப்பில் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில், என் கையெழுத்தில், முனியாண்டி என்று.

பிறகு கீழே இறங்கும் வழியெல்லாம் நாங்கள் மாற்றி மாற்றி எல்லாவற்றையும் சொன்னோம். புவான் கேட்டுக்கொண்டே நடந்தார். இரண்டு இடத்தில் மட்டும் அவர் தோள் குலுங்கியது. குளிரில்தான் நடுங்குகிறார் என்று நினைத்தேன். அலுவலகத்துக்கு வந்ததும் எங்கள் நான்கு பறவைகளின் மேலும் அடிக்கோல் வைத்து ஒற்றைக் கோடு போட்டார். கீழே உள்ள எழுத்து படிக்க முடிகிற மாதிரியான மெல்லிய கோடு. ஓரத்தில் காரணம் எழுதினார்: 'இவை நான்கும் என் ஊழியர்கள் இருவர்.' தலைமையகத்துக்கும் அதையே எழுதினார். கடைசிச் செவ்வாயில் தானும் கேட்ட ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். எங்கள் வேலையைப் பறிக்கவில்லை. ஆனால் என் நிரந்தரக் கடிதம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

உபதேசியார் இரண்டாவது ஓலையை நிறுத்தினார். முதல் வாரம் வாசித்த ஓலை இரண்டாம் வாரம் வாசிக்கப்படாவிட்டால் சுங்கைப் பட்டாணி சும்மா இருக்குமா? யாரோ தடை சொல்லிவிட்டார்கள், மாப்பிள்ளைக்குக் காட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று பசார் சந்தை வரைக்கும் பேச்சு. ரோசலின் என்னைக் கோயில் வாசலில் மடக்கினாள்.

"உண்மையச் சொல்லுங்க. காட்டுல யாரு அது?"

"முனியாண்டி அண்ணன்" என்றேன்.

முழுவதையும் கேட்டாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "எங்க, அந்த விசில ஊதிக் காட்டுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நடுவில் ஊதினேன். அப்போதுதான் சிரித்தாள். ஆறு மாதம் காத்திருந்தாள். கடிதம் வந்தது. மூன்று ஓலையும் முதலிலிருந்து மறுபடி வாசிக்கப்பட்டன. கல்யாணத்துக்கு வந்த புவான், மாமனாரைப் பார்த்து, "நீ ரொம்ப நல்லவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அந்தச் சங்கடம்.

திவ்யா அனுப்பியதை இன்று காலை கூடத்தில் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டேன். மழைச் சத்தம். தாழ்ந்த, நீளமான ஒரு விசில். முடிவில் லேசாகக் காற்று ஒழுகுகிறது. என் முன்பல் ஒன்று விழுந்து மூன்று மாதமாகிறது. அவள் அதை அனுப்புவதற்கு முந்திய செவ்வாய் அந்த ஆறாம் மரத்தடிக்கு மோட்டோவில் போய், பாதி தூரம் நடந்து, பாதி தூரம் தவழ்ந்து, சும்மா ஆசைக்கு ஒரே ஒருமுறை ஊதிவிட்டு வந்தேன். தலைக்கு மேல் பெட்டி கட்டியிருந்ததை யார் கண்டார்கள்?

துண்டு முடிந்தது. கேட்டதே போதும் என்று அணைக்கப் போனேன். சமையற்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அது நீங்கதானே?" என்றாள் ரோசலின். கணினிக்குத் தெரியாதது கட்டியவளுக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியோடு வாசற்படிக்கு வந்து நின்றாள். "எங்க ஊதுனீங்க? மழைச் சத்தம் கேக்குது. எப்ப இது?"

நான் கைப்பேசியை மறைப்பதற்குள் திரையைப் பார்த்துவிட்டாள். இடம், நாள், நேரம் எல்லாவற்றையும் திவ்யா ஒழுங்காக எழுதியிருந்தாள். நல்ல பெண், புவான் வளர்த்த அலுவலகம்.

"செவ்வாக்கெழம காலையில முழங்காலுக்கு ஊசி போடப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க?"

ஆகவே திவ்யா, அந்தப் பதிவை அழிக்காதே. எழுத்து தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தில் காரணத்தை எழுது. உனக்கு வசதியாக நானே பூர்த்தி செய்து தருகிறேன்.

நம்பாக்: இல்லை.

டெங்கார்: ஒன்று. வயதான ஆண், ஒரு பல் குறைவு.

ஆகாக்: இன்றைக்கு இந்த வீட்டில் அதற்குச் சோறு கிடைக்காது.